உறைபனிக் காலத்தில் புகைக்குழாய் சென்சார்களை நம்பகமாகச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாகனப் பழுது கண்டறியும் வேலையில் இருப்பதால், டிசம்பர் முதல் மார்ச் வரை என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பங்கு ஒன்றையே சுற்றி வருகிறது: வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி, குளிர் வந்ததும் ஆக்ஸிஜன் சென்சார், நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சார், டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியின் அழுத்த சென்சார் என்று மாறி மாறிக் குறை சொல்வது ஏன்? அப்படிக் குறை சொல்லப்பட்டுக் கழற்றி எறியப்படும் சென்சார்களில் பல நல்ல நிலையில் உள்ளவை என்பதே என் வருத்தம். அந்தக் கேள்விகளையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

குளிர் தொடங்கியதும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று கொள்ளலாமா?

உடனே அப்படிக் கொள்ள வேண்டாம். குளிரில் புகைக்குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது, அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் சேர்ந்து ஏறத்தாழ 0.9 லிட்டர் தண்ணீரை உண்டாக்குகிறது. குழாய் சூடாக இருக்கும்வரை அது நீராவியாகவே வெளியேறிவிடும். ஆனால் பெட்ரோல் புகையில் இருக்கும் நீராவி ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் நீராகப் படியத் தொடங்கும். மைனஸ் 20 டிகிரியில் இரவெல்லாம் நின்ற வண்டியின் குழாய்ச் சுவர் அந்த 50 டிகிரியைத் தாண்டச் சில நிமிடங்கள் ஆகும். சைலன்சர் இருக்கும் பின்பகுதிக்கு இன்னும் நெடுநேரம் ஆகும். கடைக்குப் போய்வருவதோடு பயணம் முடிந்துவிட்டால், அந்தத் தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே தங்கி, இரவில் பனிக்கட்டியாகிறது.

இதோடு இரண்டு காரணங்கள் சேர்கின்றன. மைனஸ் 18 டிகிரி வாக்கில் ஈய-அமில பேட்டரியின் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அதனால் ஸ்டார்ட் செய்யும் தருணத்தில் மின்னழுத்தம் வெகுவாகச் சரிந்து, எல்லா மின்னணுப் பெட்டிகளும் ஒரு கணம் தடுமாறுகின்றன. அடுத்தது, இரும்பும் ரப்பரும் சுருங்குவதால், சூட்டில் மூடிக்கொள்ளும் சிறு கசிவுகள் குளிரில் திறந்துகொள்கின்றன. தண்ணீர், மின்னழுத்தம், கசிவு ஆகிய மூன்றையும் விலக்கிய பிறகே சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிஜன் சென்சார் அளவு ஏன் அசையாமல் நிற்கிறது?

அது இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை, தொடங்கவும் கூடாது. இந்த சென்சாரின் உயிர்நாடி சிர்க்கோனியா என்னும் பீங்கான். அது ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் ஆக்ஸிஜன் அயனிகளைக் கடத்தும். பாஷ் நிறுவனம் 1976-இல் முதன்முதலாக வால்வோ கார்களில் பொருத்திய லாம்டா சென்சாரில் ஹீட்டரே கிடையாது; புகையின் சூட்டையே அது நம்பியிருந்தது. இன்றைய அகன்ற வீச்சு சென்சார்கள், உள்ளே இருக்கும் ஹீட்டரால் 780 டிகிரி வரை சூடேற்றப்படுகின்றன. டீசல் வண்டிகளின் நாக்ஸ் சென்சாரும் ஏறத்தாழ 800 டிகிரியில் வேலை செய்கிறது.

சிவக்கச் சூடான பீங்கானில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த விரிசலைத் தவிர்க்கவே இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி, அதாவது இ.சி.யு., குழாய்க்குள் இருக்கும் நீர் ஆவியாகிவிட்டது என்று கணக்கிட்டு உறுதி செய்யும்வரை ஹீட்டருக்கு மிகக் குறைந்த மின்சாரத்தையே கொடுக்கிறது. நீராவி நீராகப் படியும் பனிப்புள்ளியைத் தாண்டிய பிறகுதான் முழுச் சூடு ஏற்றப்படும். அதுவரை பழுது கண்டறியும் கருவியான ஸ்கேனரில் தெரியும் எண் சென்சார் அளந்தது அல்ல. பல வண்டிகளில் அது இ.சி.யு. தானாக நிரப்பிவைத்த எண்.

அப்படியானால் எத்தனை நிமிடம் காத்திருந்து அளக்க வேண்டும்?

நிமிடக் கணக்கு சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சுழிய டிகிரிக்கு அருகில் ஒரு பெட்ரோல் காரின் முன் சென்சார் ஓரிரு நிமிடங்களில் தயாராகிவிடும். மைனஸ் 30-இல் ஐடிலில் மட்டுமே நிற்கும் ஒரு டீசல் லாரியின் பின் நாக்ஸ் சென்சார் ஒரு மணி நேரம் கழிந்தும் தயாராகாமல் இருக்கலாம். அது கோளாறு அல்ல. ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு நிலையைப் பார்க்க வேண்டும். லாரிகளில் நாக்ஸ் சென்சார் தன் அளவோடு சேர்த்து நான்கு செய்திகளையும் அனுப்புகிறது: மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா, வேலை செய்யும் வெப்பநிலையை அடைந்துவிட்டதா, நாக்ஸ் அளவு நிலைத்துவிட்டதா, ஆக்ஸிஜன் அளவு நிலைத்துவிட்டதா. இந்த நான்கும் ‘ஆம்’ என்று வரும் முன்னர் அதன் எண்ணைக் காகிதத்தில் எழுதுவதற்குக்கூட நான் அனுமதிப்பதில்லை. கார்களில் ஹீட்டர் இயங்கும் விகிதம், சென்சாரின் வெப்பநிலை, எரிபொருள் கட்டுப்பாடு மூடிய சுற்றுக்கு, அதாவது சென்சார் அளவைக் கொண்டே திருத்தும் நிலைக்கு, வந்துவிட்டதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

ஸ்கேனரை இணைத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பிழைக் குறியீட்டை அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். குறியீடு பதிவான கணத்தில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதை இ.சி.யு. ஒரு புகைப்படம் போலச் சேமித்து வைத்திருக்கும். அதில் கூலன்ட் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, ஸ்டார்ட் ஆகி எத்தனை நொடிகள் ஆயின, மின்னழுத்தம் எவ்வளவு என்ற நான்கும் இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரிதான். குறியீட்டை அழித்தால் அந்தப் படமும் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முன் ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் சுற்றுக் கோளாறு எனப்படும் பி0135 இரண்டு கார்களில் பதிவாகியிருக்கிறது. முதல் காரில் ஸ்டார்ட் ஆகி 3 நொடி, மின்னழுத்தம் 9.4 வோல்ட், காற்று மைனஸ் 24 டிகிரி. இரண்டாவது காரில் 12 நிமிடம், 14.1 வோல்ட், கூலன்ட் 85 டிகிரி. முதல் காரில் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். இரண்டாவது காரில்தான் ஹீட்டரையும் அதன் வயரிங்கையும் சோதிக்க வேண்டும். குறியீடு ஒன்றேதான் என்றாலும் பழுது ஒன்றல்ல. குறியீட்டை மட்டும் படித்துவிட்டுப் பாகம் வாங்கப் போகிறவர் முதல் காருக்குத் தேவையற்ற ஒரு சென்சாரை வாங்கிவிடுவார். பேட்டரி மட்டும் பழையதாகவே இருக்கும்.

ஒரே நேரத்தில் தொடர்பற்ற பல பெட்டிகளிலிருந்து தகவல் தொடர்பு அறுந்தது என்ற குறியீடுகள் வரிசையாக வந்திருந்தாலும் காரணம் பெரும்பாலும் பேட்டரியே.

நம்பகமான ஒரே ஒரு சோதனையைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திருப்பி எல்லா அளவுகளையும் படிப்பதுதான். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்ட வண்டியில் எல்லாப் பாகங்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்கும். கூலன்ட், உள்வரும் காற்று, வெளிக்காற்று, புகை வெப்பநிலை சென்சார்கள் ஒன்று முதல் நான்கு வரை ஆகிய எல்லாமே சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். மற்றவை மைனஸ் 17, மைனஸ் 18 என்று காட்டும்போது ஒன்று மட்டும் பிளஸ் 6 என்று காட்டினால், ஆள் தானே முன்வந்து ஒப்புக்கொண்டது போலத்தான். குளிர் நமக்கு இலவசமாகக் கொடுக்கும் அளவுகோல் இது. வெயில் காலத்தில்கூட இதே சோதனையைச் செய்யலாம் என்றாலும், சுழியத்துக்குக் கீழே சென்சாரின் தவறு பெரிதாகத் தெரியும்.

புகை வெப்பநிலை சென்சார்களில் பல, பி.டி.200 எனப்படும் பிளாட்டினம் வகையைச் சேர்ந்தவை. இவை சுழிய டிகிரியில் 200 ஓம் தடை காட்டும். மைனஸ் 20 டிகிரியில் ஏறத்தாழ 185 ஓம் காட்டும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் இதை அளந்து, வெளியில் தொங்கும் ஒரு நல்ல வெப்பமானியோடு ஒப்பிட்டால், பிழை சென்சாரிலா வயரிங்கிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் எல்லா வண்டிகளிலும் இந்த வகை இல்லை. குளிரக் குளிரத் தடை ஏறும் வகை சென்சார்களில், கடுங்குளிரில் தடை மிக அதிகமாகி வயர் அறுந்தது போலவே தோன்றும். ஆகவே அந்த வண்டியின் அட்டவணை இல்லாமல் ஓம் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இதே நேரத்தில் டி.பி.எஃப். அழுத்த வேறுபாட்டு சென்சாரையும் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது வடிகட்டியின் இருபுறமும் ஒரே அழுத்தம்தான்; ஆகவே அது சுழியத்தை ஒட்டியே காட்ட வேண்டும். ஒரு கிலோபாஸ்கல் என்று நின்றால்கூட, அந்தப் பொய் அளவின் மேல்தான் வண்டி தன் கரிக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனைக்கு ஒரு தடை உண்டு. வடக்கு ஒன்டாரியோ, மானிடோபா போன்ற இடங்களில் இரவில் இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் இணைத்து வைப்பது வழக்கம். அப்போது கூலன்ட் மட்டும் பிளஸ் 30 காட்டும்; மற்றவை மைனஸில் இருக்கும். இது பழுது அல்ல. சோதனைக்கு முந்தைய இரவு மட்டும் அதை இணைக்காமல் விடும்படி வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாது என்ற பயம் இருந்தால், கூலன்ட் எண்ணை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

வண்டியைச் சூடான பட்டறைக்குள் கொண்டுவந்து சோதித்தால் என்ன?

பழுது உருகிப் போய்விடும். குழாயில் இருந்த பனிக்கட்டி தண்ணீராகி வடியும், கனெக்டரில் இருந்த ஈரம் காயும், சுருங்கிய கேஸ்கெட் விரிந்து மூடிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை அளந்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். முதல் அரை மணி நேர வேலையை வெளியிலேயே, கையுறையோடு செய்வது கடினம்தான். ஆனால் அதற்கு மாற்று இல்லை. வண்டிக்காரர் முந்தைய நாள் மாலையே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போக ஒப்புக்கொண்டால் அதுவே சிறந்த ஏற்பாடு. அந்தக் குளிரில் ஸ்கேனரின் பேட்டரியும் விரைவில் தீரும் என்பதால் அதை மட்டும் சூடான இடத்தில் வைத்திருந்து, சோதனை தொடங்கும்போது வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

ஹீட்டர் சுற்றுக் கோளாறு உண்மையானதா என்று எப்படி உறுதி செய்வது?

ஓம் அளவு நல்லதாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சாலையில் தூவப்படும் உப்பு, கனெக்டரின் ஊசிகளையும் தரை இணைப்பையும் மெல்ல அரித்துவிடுகிறது. அரிக்கப்பட்ட ஓர் இழை, மல்டிமீட்டரின் சிறு மின்னோட்டத்தைத் தாராளமாகக் கடத்தும். ஹீட்டர் கேட்கும் மின்னோட்டத்தைக் கடத்தாது. ஆகவே சுமையோடு சோதிக்க வேண்டும். சென்சாரைக் கழற்றிவிட்டு, வண்டிப் பக்கக் கனெக்டரில் ஹீட்டருக்குப் பதிலாக 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து இன்ஜினை ஓட்டுங்கள். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். இ.சி.யு. விட்டு விட்டு மின்சாரம் கொடுப்பதால் பல்பு மினுக்கலாம். ஆனால் மங்கலாக எரியக் கூடாது. அப்படி மங்கினால், எந்தப் பக்கத்தில் மின்னழுத்தம் இழக்கப்படுகிறது என்பதைத் தேடுங்கள்.

ஹீட்டரின் உலோக இழை, குளிர்ந்திருக்கும்போது குறைந்த தடையையும் அதனால் அதிக மின்னோட்டத்தையும் கொண்டிருக்கும். கையேடு சொல்லும் எண் பெரும்பாலும் 20 டிகிரிக்கானது. மைனஸ் 25-இல் அளந்து, ‘குறைவாக இருக்கிறது, ஷார்ட் ஆகிவிட்டது’ என்று சொல்லிவிடக் கூடாது.

கனெக்டரைத் திறந்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவற்றையும் இங்கே சொல்ல வேண்டும். பல ஆக்ஸிஜன் சென்சார்கள், ஒப்பிடுவதற்கு வேண்டிய வெளிக்காற்றைத் தங்கள் வயர்களின் இழைகளுக்கு இடையிலுள்ள சிறு வெளி வழியாகவே உறிஞ்சுகின்றன. ஈரம் புகாமல் இருக்கட்டும் என்று கனெக்டருக்குள் கிரீஸை நிரப்பினாலோ, அறுந்த வயரைச் சால்டர் வைத்து இணைத்தாலோ அந்த மூச்சு நின்றுவிடும். சென்சார் உடனே சாகாது. அதன் அளவு மெல்லக் கீழிறங்கிக்கொண்டே போகும். பிறகு யாரும் அந்தக் கிரீஸைச் சந்தேகிக்கமாட்டார்கள். அறுந்த வயரை அதற்கென உள்ள நெருக்கு இணைப்பால் மட்டுமே இணைக்க வேண்டும்.

காலையில் மட்டும் காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்ற பி0171 வருகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. இது சென்சாரா?

பெரும்பாலும் இல்லை. முன் சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டிலோ, இணைப்பிலோ ஒரு மயிரிழை விரிசல் இருந்தால், புகை அலை அலையாக வெளியேறும் இடைவெளிகளில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்ஸிஜனை உண்மையாகவே அளந்து சொல்கிறது, இ.சி.யு. அதை நம்பி எரிபொருளைக் கூட்டுகிறது. இரும்பு சூடாகி விரிந்ததும் விரிசல் மூடிக்கொள்ளும். எரிபொருள் திருத்த விகிதம் முதல் சில நிமிடங்களில் உயர்ந்து, பிறகு தானாகச் சரிந்து இயல்புக்கு வந்தால் இதைத்தான் முதலில் தேட வேண்டும். உள்ளிழுக்கும் பக்கத்தில் குளிரால் இறுகிப்போன ரப்பர் வளையங்களும் இதே போன்ற அறிகுறியைத் தரும் என்பதால், வண்டி குளிர்ந்திருக்கும்போதே இரண்டு பக்கத்திலும் புகைச் சோதனை, அதாவது கருவியால் புகையைச் செலுத்திக் கசியும் இடத்தைப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். வண்டி சூடான பிறகு செய்யும் புகைச் சோதனை எதையும் காட்டாது.

தெர்மோஸ்டாட் திறந்தே நின்றுவிட்ட வண்டியிலும் குளிர்காலம் முழுவதும் கூலன்ட் தேவையான சூட்டை எட்டாது. அதைச் சொல்லும் குறியீடான பி0128 உடன் வந்திருந்தால், சென்சாரைத் தொடுவதற்கு முன் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.

டி.பி.எஃப். அழுத்த சென்சார் குளிரில் மட்டும் தவறாகக் காட்டுவது ஏன்?

வடிகட்டியிலிருந்து சென்சாருக்குச் செல்லும் மெல்லிய ரப்பர் குழாய்களில் தண்ணீர் தங்கி உறைந்துவிடுவதுதான் காரணம். அந்தக் குழாய்கள் சென்சாரிலிருந்து வடிகட்டியை நோக்கி ஒரே சரிவாக இறங்க வேண்டும்; அப்போதுதான் தண்ணீர் திரும்பி வடியும். யாரோ வேறு வேலைக்காகக் கழற்றி மாட்டும்போது குழாய் நடுவில் தொய்ந்து ஒரு வளைவு உண்டாகியிருந்தால், அந்த வளைவில் தண்ணீர் நின்று பனிக்கட்டி அடைப்பாகிறது. முன்பக்கக் குழாய் அடைபட்டால், முடுக்கியை மிதித்தாலும் அழுத்தம் ஏறாது. வடிகட்டியையே யாரோ கழற்றிவிட்டதாக இ.சி.யு. கருதக்கூடும். பனிக்கட்டி விரிவடைந்து சென்சாரின் உள்சவ்வையே உடைத்துவிடுவதும் உண்டு.

குழாய்களைக் கழற்றி, தண்ணீரை ஊதி வெளியேற்றி, சரிவைச் சரிசெய்து, முன்சொன்ன சுழிய அளவைப் பாருங்கள். சுழியம் சரியாக வந்தால் சென்சார் நல்லதே. அழுத்தக் காற்றைச் சென்சாருக்குள் மட்டும் ஊதிவிடாதீர்கள்.

நாக்ஸ் சென்சாரை மாற்றியும் எஸ்.சி.ஆர். திறன் குறைவு என்ற குறியீடு திரும்ப வருகிறது. என்ன செய்வது?

குளிர்காலத்தில் அதிகப் பணம் வீணாகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எஸ்.சி.ஆர். முறையில் டெஃப் அல்லது ஆட்புளூ எனப்படும் யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து, அதிலிருந்து உண்டாகும் அம்மோனியாவால் நாக்ஸ் வாயுக்களை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறார்கள். அந்தக் கரைசலில் யூரியா 32.5 சதவீதம். இந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே குளிர்தான் காரணம்: யூரியாவும் தண்ணீரும் கலந்த கரைசல்களில் மிகக் குறைந்த வெப்பநிலையில் உறைவது இதுதான். அந்த வெப்பநிலை மைனஸ் 11 டிகிரி. ஒன்டாரியோவின் ஜனவரி இரவுகளில் அது உறையாமல் இருந்தால்தான் வியப்பு. உறையும்போது ஏறத்தாழ 7 சதவீதம் விரிவடையும். ஆகவே தொட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது. உறைந்து உருகுவதால் கரைசலின் தரம் கெடுவதில்லை. உறைந்த தொட்டியோடும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி வழக்கம்போல ஓடும்படியே வண்டிகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. தொட்டியையும் குழாய்களையும் கூலன்ட்டோ மின் ஹீட்டரோ உருக்கிய பிறகு தெளிப்பு தொடங்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். திறன் குறைவு என்று சொல்லும் பி20இஇ, முன் நாக்ஸ் சென்சாரும் பின் நாக்ஸ் சென்சாரும் காட்டும் அளவுகளின் வேறுபாட்டிலிருந்து வருவது. வேறுபாடு குறைந்ததற்குச் சென்சார் காரணமாக இருக்கலாம். தெளிப்பே நடக்காததும் காரணமாக இருக்கலாம். தொட்டி ஹீட்டர் செயலிழந்திருந்தால், கூலன்ட்டைத் திருப்பிவிடும் வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால், தெளிப்பான் முனையில் யூரியா படிகம் அடைத்திருந்தால், பின் சென்சார் அதிக நாக்ஸைக் காட்டத்தான் செய்யும். அது உண்மையைச் சொல்கிறது. உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றுகிறோம்.

ஒரு ஜனவரியில் என்னிடம் வந்த விநியோக வேன் ஒன்றில், வேறொரு பட்டறை இரண்டு நாக்ஸ் சென்சார்களையும் மாற்றியிருந்தது. ஒரு வாரத்தில் குறியீடு திரும்பியிருந்தது. ஓட்டுநர் ஒவ்வோர் இரவும் பேட்டரி வீணாகக் கூடாது என்று, சாவியை எடுத்த உடனே பேட்டரியின் முதன்மை ஸ்விட்சையும் அணைத்துவந்தார். வண்டியை அணைத்த பிறகு டெஃப் பம்ப் சிறிது நேரம் பின்னோக்கி ஓடி, குழாய்களில் எஞ்சிய கரைசலைத் தொட்டிக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் உடனே அறுந்ததால் கரைசல் குழாயிலேயே நின்று உறைந்து, நாளடைவில் இணைப்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. இணைப்பை மாற்றி, பம்ப் ஓடி நிற்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். அவரிடம் யாரும் முன்பு இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. கவனமாக இருந்த மனிதர் அவர்.

சென்சாரைத் தனியாகச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நான்கு நிலைச் செய்திகளும் ‘ஆம்’ ஆன பிறகு, ஓர் இறக்கத்தில் முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எரிபொருள் முற்றாக நிற்கும். குழாயில் செல்வது வெறும் காற்று. அப்போது நாக்ஸ் சுழியத்தை நோக்கி இறங்க வேண்டும். ஆக்ஸிஜன் 21 சதவீதத்தை நெருங்க வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சாரை விட்டுவிட்டுத் தெளிப்பைப் பாருங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும்: நாக்ஸ் சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸும் ஒன்றாகவே தெரியும். தெளிப்பு மிகுந்து அம்மோனியா கசிந்தாலும் பின் சென்சார் உயர்ந்த எண்ணையே காட்டும்.

டெஃப் தொட்டி நிறைந்திருந்தும் காலி என்றோ, தரம் மோசம் என்றோ காட்டுகிறது. கலப்படமா?

தொட்டி வெப்பநிலையைப் பாருங்கள். மட்டத்தையும் யூரியா அடர்த்தியையும் பல வண்டிகள் மீயொலி அலையைக் கொண்டே அளக்கின்றன. பாதி உறைந்த கரைசலிலும், நிரப்பியவுடன் குமிழ்கள் மிதக்கும் கரைசலிலும் அந்த அலை சரியாகத் திரும்பி வராது. முற்றிலும் உருகி, சிறிது நேரம் ஓடிய பிறகும் அதே குறை இருந்தால், கைக் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், 32.5-ஐ ஒட்டி வந்தால் கரைசல் நல்லது. உறையாமல் இருக்கட்டும் என்று தொட்டியில் வெந்நீரோ, உறைவுத்தடுப்பு திரவமோ ஊற்றுவது அந்த அமைப்பு முழுவதையும் பாழாக்கும்.

லடாக் செல்லும், பி.எஸ்.6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும், கூடவே உயரமும் சேர்கிறது. நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களுக்கு இது பயன்படலாம். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அமெரிக்க விதிகள், வெளிக்காற்று மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனாலோ, ஏறத்தாழ 2,440 மீட்டருக்கு மேலே சென்றாலோ, வண்டி தன் மாசுக் கண்காணிப்புகளை நிறுத்திவைக்க இடம் தருகின்றன. ஐரோப்பிய விதியில் அந்த உயரம் 2,500 மீட்டர், இந்தியாவின் பி.எஸ்.6 ஐரோப்பிய முறையைத் தழுவியது. ஆகவே லேயில் ஸ்கேனரை இணைத்து, குறியீடு ஏதும் இல்லை என்று கண்டால், எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சோதனையே நடந்திருக்காமல் போகலாம். வயர் அறுந்தது போன்ற மின்சுற்றுக் கோளாறுகளைப் பெரும்பாலான வண்டிகள் அங்கேயும் கண்டுகொள்ளும்.

சமவெளி டீசலோடு மலையேறினால் அது மெழுகாக இறுகி, சென்சார் கோளாறு போலத் தோன்றும் பல அறிகுறிகளைத் தரும். லடாக்குக்கென மைனஸ் 33 டிகிரிவரை இளகியிருக்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகம் செய்தது, அதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பழுதுபார்த்துக் குறியீட்டை அழித்த பிறகு, கண்காணிப்புகள் ‘முடியவில்லை’ என்றே நிற்கின்றன. ஏன்?

முந்தைய பதிலில் சொன்ன அதே விதிதான். வெளியே மைனஸ் 7-க்குக் கீழே இருக்கும் வாரம் முழுவதும் சில கண்காணிப்புகள் தொடங்காமலேயே இருக்கலாம். குளிர் சற்றுத் தணியும் நாளில், இரவெல்லாம் நின்ற வண்டியை நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். அவசரப்பட்டு மீண்டும் அழித்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

உண்மையிலேயே சென்சார் போய்விட்டது. குளிரில் மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

பழையதைக் குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றுங்கள். உப்பால் இறுகிய மரை குளிர்ந்திருந்தால் சென்சாரோடு குழாயின் மரையும் பெயர்ந்து வரும். புதியதைக் கீழே போட்டுவிட்டால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் பொருத்த வேண்டாம்; உள்ளே பீங்கான் உடைந்திருக்கும். 18 மில்லிமீட்டர் மரை உள்ள பாஷ் சென்சார்களுக்கு 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினால் போதும். குழாயை வெட்டிப் புது இடத்தில் பொருத்த நேர்ந்தால், சென்சார் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். அப்போது தண்ணீர் அதன் மூக்கில் தேங்காது.

சைலன்சரின் அடியில் உள்ள சிறு வடிகால் துளை அடைந்திருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள். பொருத்திய பிறகு முற்றத்தில் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்திவிடாமல், குழாய் முழுவதும் உலரும்வரை ஓட்டிச் சென்று திரும்புங்கள். மறுநாள் காலை, வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன், சாவியை மட்டும் திருப்பி எல்லா வெப்பநிலைகளையும் இன்னொரு முறை படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் வண்டியிலேயே இருக்கட்டும். அடுத்த குளிர்காலத்தில் அதைத்தான் முதலில் கேட்பேன்.